முப்பத்திரண்டாம் பக்கம்

எட்டாயிரத்துச் சொச்சம் பேரை
ஒரே வாயில் தர மாட்டேன் என்றது
ஆம்பூர் ஷூ கம்பெனி சர்வர்.
நூறு நூறாகத்தான்.
சரி என்றேன்.
சாத்துவாச்சாரியில் மாடி அறை, ராத்திரி பதினொன்றரை,
கீழே ஹைவேயில் பெங்களூர் லாரிகள்.

பக்கம் ஒன்று. பக்கம் இரண்டு.
பெயர், ஆள் எண், பிரிவு, பேங்க் கணக்கு.
தையல், தையல், ஒட்டுதல், தையல்,
பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் நாலு சம்பூர்ணம்.
இருபதில் அதற்கு மூச்சு வாங்கியது:
ரொம்பக் கேட்கிறாய், ஒரு நிமிஷம் கழித்து வா.
காத்திருந்தேன். டீயில் ஆடை படிந்தது.

எண்பத்தைந்தாம் பக்கத்தில் பதினொரு பேர்.
எண்பத்தாறில்
ஒரு ஜோடி அடைப்புக்குறி,
உள்ளே யாருமில்லை.
முடிந்தது என்று அதற்கு அர்த்தம்.

மொத்தம் எத்தனை என்று கேட்டேன். 8,411.
என்னிடம் எத்தனை? 8,411.
தீபாவளி போனஸை அனுப்பிவிட்டு விளக்கை அணைத்தேன்.
கணக்கு சரியாக இருக்கும்போது
யார் திரும்ப எண்ணுவார்கள்.

மூன்றாம் நாள் போன்.
"பேர்ணாம்பட்டு நவநீதம் பேசறேன் மேடம், தையல் செக்‌ஷன்.
எங்க லைன்ல எல்லார்க்கும் வந்துகீது.
எனக்கு மட்டும் இன்னா?"

என் பட்டியலில் அவர் இல்லை.
சர்வரில் இருந்தார்,
முப்பத்தோராம் பக்கத்தின் கடைசி ஆளாக.
நான் முப்பத்தொன்றை வாங்கியபோது
முப்பத்திரண்டின் வாசலில் நின்றிருக்கிறார்.
முப்பத்திரண்டைக் கேட்பதற்குள்
முப்பத்தொன்றின் வாலுக்கு நகர்ந்துவிட்டார்.

ஆற்காடு ரோட்டு ஸ்கேன் சென்டரில் பார்த்திருக்கிறேன்.
சுவரோரம் வரிசையாக பிளாஸ்டிக் நாற்காலிகள்.
பத்து நாற்காலிக்குப் படிவம் கொடுத்துவிட்டு
இன்னும் பத்து எடுக்க உள்ளே போகிறாள் அந்தப் பெண்.
அதற்குள் முன்னால் ஒருவர் எழுந்து போய்விட
எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உட்காருகிறார்கள்.
அவள் வந்து பதினொன்றிலிருந்து கொடுக்கிறாள்.
பத்தாவதில் இப்போது
மால்டாவிலிருந்து இரண்டு ராத்திரி ரயிலில் வந்தவர்,
கேட்க பாஷை இல்லாமல்,
வெறுங்கையோடு.

நாற்காலியை எண்ணினால் அப்படித்தான் ஆகும்.

இப்போதெல்லாம் நான் பக்கம் கேட்பதில்லை.
கடைசியாகப் பார்த்தவரின் எண்ணைச் சொல்கிறேன்:
இவருக்குப் பின்னால் யார்?
முன்னால் யார் எழுந்து போனாலும்
பின்னால் நிற்பவர் பின்னால்தான் நிற்கிறார்.
இதற்குக் கர்சர் என்று பெயர்.
நாலு வரி மாற்றினேன், அவ்வளவுதான்.
"வந்துட்ச்சி மேடம்" என்றார் நவநீதம்,
வைத்துவிட்டார்.

ஆனால்
எழுந்து போனது யார்?

பழைய பட்டியலையும் புதியதையும் அருகருகே வைத்தேன்.
பன்னிரண்டாம் பக்கம், நாற்பத்தேழாவது வரி.
கோ. பத்மாசினி. ஃபினிஷிங்.
சேர்ந்த வருஷம் 2009.
ராத்திரி பதினொன்று நாற்பதுக்கு இருந்தார்.
பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு இல்லை.
அந்த நேரத்தில் அங்கே யார் உட்கார்ந்து
எதற்காக அழித்தார்கள் என்பதற்கு
பத்தி எதுவும் இல்லை.
ஆள் எண்ணைச் சொல்லிக் கேட்டால்
அப்படி ஒருவர் கிடையாது என்கிறது சர்வர்,
ஒவ்வொரு முறையும், அதே மரியாதையோடு.

கணக்கு எப்படிச் சரியாக வந்தது என்று இப்போது தெரிகிறது.
விடுபட்டவர் ஒருவர், போனவர் ஒருவர்.
நவநீதத்தின் இடத்தில்
பத்மாசினிக்குப் பணம் போயிருக்கிறது.

திருப்பி எடுக்கச் சொல்லி
கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது,
அவசரம் என்று சிவப்புக் கொடியோடு.

நாற்பத்தேழாவது வரியில்
கர்சர் துடித்துக்கொண்டிருக்கிறது.
அடுத்தவர் யார் என்று
இன்னும் கேட்கவில்லை நான்.